நடுவழியில் மென்பொருள் மாற்றம்: ஓர் ஆவணப்படத் தொகுப்பின் நிகழ்வு ஆய்வு

மரத்தச்சர்களைப் பற்றிய 52 நிமிட ஆவணப்படம். நொடிக்கு 25 ஃபிரேம் (தனிப்படம்) வீதம் மொத்தம் 78,000 ஃபிரேம்கள். எட்டு மாத வேலையில் முக்கால் பங்கு முடிந்திருந்த ஒரு காலையில், தொகுப்பு வேலை முழுவதையும் வைத்திருக்கும் புராஜெக்ட் கோப்பு திறக்க மறுத்தது. ஏற்றப்படும் அளவைக் காட்டும் கோடு முக்கால் தூரம் ஓடி நிற்கும். மென்பொருள் ஒரு வார்த்தை சொல்லாமல் மூடிக்கொள்ளும். தானாகச் சேமிக்கப்பட்ட பழைய பிரதிகளைத் திறந்தாலும் அதே கதை.

அடுத்த மூன்று வாரங்களில் நாங்கள் வேறொரு தொகுப்பு மென்பொருளுக்குக் குடிபெயர்ந்தோம். வழியில் ஏழு சிக்கல்கள். ஏழிலும் முதலில் எங்கள் வாயில் வந்தது "இந்தப் புது மென்பொருள் சரியில்லை" என்பதுதான். அதன் குற்றம் என்று உறுதியாகச் சொல்லக்கூடியதாகக் கடைசியில் எஞ்சியது ஒன்றே ஒன்று. மற்றவை பெரும்பாலும் எங்கள் காட்சிக் கோப்புகளிலேயே இருந்தவை. பழைய மென்பொருள் அவற்றைச் சத்தமில்லாமல் சகித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். இரண்டு மென்பொருள்களின் பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை. சொல்லி ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

திறக்காத புராஜெக்ட்

முதல் நாளே காரணம் தெரிந்துவிட்டது. வெளியார் ப்ளகின்கள் (மென்பொருளோடு சேர்த்து ஓடும் துணை நிரல்கள்) இருக்கும் கோப்புறையை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டுத் திறந்தபோது புராஜெக்ட் திறந்தது, "இந்த விளைவு கிடைக்கவில்லை" என்ற எச்சரிக்கையோடு. இரைச்சல் நீக்கும் ஒரு ப்ளகின் தன் உரிமத்தைச் சரிபார்க்கப் போய், பதில் கிடைக்காமல் மென்பொருளையும் சேர்த்துச் சாய்த்திருக்கிறது. ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்துப் பார்த்து அதை உறுதி செய்துகொண்டோம்.

அப்படியானால் எதற்கு மாற வேண்டும்? இயக்குநர் கேட்ட கேள்வி நியாயமானது. என் பதில் இரண்டு. நிறத்திருத்தம் எப்படியும் அந்த இன்னொரு மென்பொருளில்தான் நடக்கவிருந்தது. அந்த இரைச்சல் நீக்கியும் கைவிடப்பட்ட ஒன்று. புதிய கணினியில் அது ஓடாது. தொகுப்பை ஒன்றிலும் நிறத்தை ஒன்றிலும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு திருத்தத்துக்கும் இங்கும் அங்கும் ஓடுவது ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். அவர் அரை மனதாகச் சம்மதித்தார். இன்று கேட்டால், படத்தை முடித்துவிட்டு மாறியிருக்கலாம் என்றே சொல்வேன். ஆனால் அன்று எனக்கு இருந்த எரிச்சலுக்கு அந்த நிதானம் கூடிவரவில்லை.

எதைக் கொண்டுபோக முடியும்

ஒரு தொகுப்பு மென்பொருளின் புராஜெக்ட் கோப்பை இன்னொன்று அப்படியே திறந்துவிடாது. ஒரே நிறுவனத்தின் அடுத்த பதிப்பே திறக்காமல் போனதுண்டு: 2011 ஜூனில் ஃபைனல் கட் புரோ என்ற தொகுப்பு மென்பொருளின் 10ஆம் பதிப்பு வெளியானபோது, அதற்கு முந்தைய 7ஆம் பதிப்பின் புராஜெக்ட்களை அதனால் திறக்க முடியவில்லை. வேடிக்கை என்னவென்றால், தொகுப்பு விவரங்களை எழுத்துக் கோப்பாக எழுதிவைக்கும் அந்த 7ஆம் பதிப்பின் எக்ஸ்.எம்.எல். வடிவம்தான் இன்றுவரை வேறு வேறு நிறுவனங்களின் மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் மொழியாக இருக்கிறது. மென்பொருள் போய்விட்டது, அதன் மொழி மட்டும் புழக்கத்தில் நிற்கிறது. அதைவிடப் பழையது டேப் காலத்து இ.டி.எல். அது வெறும் எழுத்துப் பட்டியல்: எந்த ரீல், எந்த நேரக்குறியீட்டிலிருந்து (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் உள்ள நேர எண்) எதுவரை, படத்தில் எங்கே.

இந்தக் கோப்புகள் சுமந்துபோவது தொகுப்பாளரின் முடிவுகளை மட்டுமே. வெட்டுகள், அடுக்குகள், எளிய டிசால்வ் (ஒரு காட்சி மங்க அடுத்தது தெளிவது), ஒலி அளவு, ஏறக்குறைய சரியான அளவும் இடமும். நிறத்திருத்தம், ப்ளகின் விளைவுகள், தலைப்பு எழுத்துகள் எல்லாம் கரையிலேயே நின்றுவிடும். இதை நான் அறிந்தே இருந்தேன். ஆனால் அறிந்திருப்பது வேறு, 936 வெட்டுகளும் வரிசையாக நிற்கும் டைம்லைன் கண்ணெதிரே சிவப்புப் பட்டைகளாக விரிவதைப் பார்ப்பது வேறு.

மௌனத்தைக் காணவில்லை

412 மூலக் கோப்புகளில் 57 கோப்புகளைப் புதிய மென்பொருள் "காணவில்லை" என்றது. அவை எல்லாம் வன்தட்டில் இருந்தன. கோப்புறையைத் திறந்தால் கண்ணுக்குத் தெரிகின்றன. இருமுறை சொடுக்கினால் ஓடுகின்றன. மென்பொருளுக்கு மட்டும் தெரியவில்லை. இடத்தைக் கையால் சுட்டிக்காட்டினாலும் "பெயர் பொருந்தவில்லை" என்றது. இரண்டு பெயர்களையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருந்தன.

அரை நாள் நான் அனுமதிகளையும் பாதைகளையும் நோண்டிக்கொண்டிருந்தேன். புதிரை அவிழ்த்தவர் எங்கள் உதவியாளர். காட்சிகளுக்குத் தமிழில் பெயர் வைத்தவரும் அவர்தான். காணாமல் போனவற்றைத் தாளில் எழுதி முன்னால் வைத்தார்: கொட்டகை காலை, கோடு போடுதல், தோள் நெருக்கம், சொந்தக் கருவிகள். கிடைத்தவற்றை எதிர்ப் பக்கத்தில்: உளி, இழைப்புளி, மரம் அறுத்தல், பலகை, கை நெருக்கம், சேர்ப்பு. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சார், காணாமல் போனதிலெல்லாம் கொம்பும் காலும் சேர்ந்து வருகிறது" என்றார்.

கொ, கோ, தோ, சொ. 'சேர்ப்பு' கிடைக்கிறது, அதில் கொம்பு உண்டு, கால் இல்லை. 'பலகை' கிடைக்கிறது, அதில் இணைக்கொம்பு மட்டும். விதி சரிதானா என்று பார்க்க, "அப்படியானால் ஔகாரம் வரும் கோப்பும் காணாமல் போயிருக்க வேண்டுமே" என்றேன். ஒலிப் பட்டியலில் ஒன்று இருந்தது. பட்டறையின் வெற்று அறை ஒலியைப் பதிவு செய்த கோப்பு, பெயர், 'மௌனம்'. அதையும் காணவில்லை. அவர் சிரித்துவிட்டார், நானும்தான்.

விளக்கம் இதுதான். எழுத்துகளுக்குப் பொதுவான எண் கொடுக்கும் தரமான யூனிகோடில் ஒகர உயிர்மெய்யை இரண்டு விதமாக எழுதலாம். 'கொ' என்பதை ககரமும் ஒகரக் குறியும் என்று இரண்டு குறியீடுகளாக வைக்கலாம், யூ.டி.எஃப்-8 என்ற சேமிப்பு முறையில் 6 பைட். அல்லது ககரம், எகரக் கொம்பு, கால் என்று மூன்றாகப் பிரித்தும் வைக்கலாம், 9 பைட். திரையில் இரண்டுக்கும் தோற்றம் ஒன்றே, யூனிகோட் தரமும் இரண்டையும் சமமாகவே கருதுகிறது. ஆனால் பைட்டுக்குப் பைட் ஒப்பிடும் ஒரு மென்பொருளுக்கு அவை வெவ்வேறு பெயர்கள். ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றுக்கும் இந்த இரட்டை வடிவம் உண்டு. மற்ற உயிர்க்குறிகளுக்கு இல்லை.

பெயர்கள் எங்கே பிரிந்தன? முதலில் விண்டோஸ் கணினியில் சேர்ந்த வடிவில் எழுதப்பட்டன. புராஜெக்ட்டும் அங்கேதான் பிறந்தது, ஆகவே எக்ஸ்.எம்.எல். கோப்பிலும் சேர்ந்த வடிவமே. காப்புப்பிரதி மட்டும் மேக் கணினிக்காக ஹெச்.எஃப்.எஸ். பிளஸ் முறையில் வடிவமைத்த வன்தட்டில் இருந்தது. அந்தக் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவத்தில்தான் சேமிக்கும். புதிய கணினிக்கு நாங்கள் கோப்புகளை நகலெடுத்தது அந்தக் காப்பிலிருந்து. குற்றவாளி கிடைத்தார், அது நாங்களே. பெயர்களையெல்லாம் சேர்ந்த வடிவத்துக்குத் திருப்பும் பைத்தான் நிரல் ஆறு வரிதான். 57 கோப்புகளும் ஒரே மூச்சில் வந்து சேர்ந்தன. கோப்புப் பெயரில் தமிழ் வேண்டாம் என்று யாராவது இதிலிருந்து முடிவுகட்டினால் எனக்கு உடன்பாடில்லை. பெயரை ஒப்பிடும் முன் இரு பக்கத்தையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவருவது மென்பொருள் எழுதுகிறவர்கள் அறிய வேண்டிய பாலபாடம்; இங்கே புதிய மென்பொருளுக்கும் அரைப் பங்கு குற்றத்தை எழுதிவைக்கலாம்.

இன்னொரு பெயர்க் குழப்பம் சிறியது. எங்கள் கேமரா ஒவ்வொரு மெமரி கார்டிலும் கோப்பு எண்ணைத் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கியது. நேரக்குறியீடும் ஒவ்வொரு முறையும் சுழியத்திலிருந்து தொடங்கும்படி விடப்பட்டிருந்தது. பெயரும் ஒன்று, நேரக்குறியீடும் ஒன்று என்றால் மென்பொருள் என்ன செய்யும்? வயதான தச்சர் கண்கலங்கப் பேச வேண்டிய இடத்தில் ஆளில்லாத மாடிப்படி ஒன்று நாற்பது விநாடி நின்றது. கார்டு வாரியாகக் கோப்புறைகளைத் தனித்தனியே இணைத்துச் சரி செய்தோம். நேரக்குறியீட்டைக் கடிகார நேரத்தில் ஓடவிட்டிருந்தால் இந்த வேலையே இல்லை.

உதட்டசைவு விலகல்

ஒரு நேர்காணல் கைப்பேசியில் எடுக்கப்பட்டது. 18 நிமிடம். ஒலி தனிக் கருவியில், 48 கிலோஹெர்ட்ஸில். பழைய மென்பொருளில் உதடும் ஒலியும் ஒன்றாக இருந்தன. புதியதில் தொடக்கத்தில் சரி, போகப்போக விலகல். கடைசியில் அவர் வாயை மூடிய பிறகும் பேச்சு கேட்டது.

விலகலை மூன்று வகையாகப் பிரித்துப் பார்ப்பது என் பழக்கம். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவு விலகல் என்றால் இடம் தவறாக வைக்கப்பட்டிருக்கிறது, நகர்த்தினால் போதும். சீராக வளர்ந்துகொண்டே போனால் இரண்டு கடிகாரங்களின் வேகம் வேறு. ஒன்றின் வேகத்தை மாற்றினால் தீரும். வளரும் வேகமே இடத்துக்கு இடம் மாறினால், ஃபிரேம்களே சீரான இடைவெளியில் பதிவாகவில்லை. ஆறு இடங்களில் அளந்தேன். வெளிச்சமான முதல் பகுதியில் விலகல் மெதுவாகவும், அவர் பட்டறையின் இருட்டு மூலைக்குப் போன பிறகு வேகமாகவும் வளர்ந்திருந்தது. மூன்றாவது வகை.

கோப்பின் விவரம் காட்டும் மீடியாஇன்ஃபோ நிரலில் கோப்பைத் திறந்தால் ஃபிரேம் வீதம் 'மாறக்கூடியது' என்று இருந்தது, சராசரி 29.94. கைப்பேசிகள் வெளிச்சம் குறைந்தால் ஒவ்வொரு ஃபிரேமையும் கூடுதல் நேரம் ஒளியில் வைக்க, விநாடிக்கு எடுக்கும் ஃபிரேம்களைக் குறைத்துக்கொள்ளும். ஒவ்வொரு ஃபிரேமும் எப்போது காட்டப்பட வேண்டும் என்ற நேரமுத்திரை கோப்பில் இருக்கிறது. பழைய மென்பொருள் அந்த முத்திரையைப் படித்தது. புதியது முத்திரையைப் பார்க்காமல், 30 என்று வைத்துக்கொண்டு எண்ணி அடுக்கியது. கணக்கைப் பாருங்கள்: 1,080 விநாடியில் சராசரி 29.94 என்றால் ஏறத்தாழ 32,335 ஃபிரேம். அவற்றை விநாடிக்கு 30 வீதம் ஓட்டினால் 1,077.84 விநாடியில் தீர்ந்துவிடும். இரண்டு விநாடிக்கும் மேல் பற்றாக்குறை. வீதம் சராசரியில் நின்ற நிமிடங்களில் நிமிடத்துக்கு 0.12 விநாடி, அதாவது எங்கள் டைம்லைனில் 3 ஃபிரேம் இழப்பு. 3 ஃபிரேம் என்பது பார்வையாளருக்கு ஏதோ சரியில்லை என்று உறுத்தத் தொடங்கும் அளவு.

தீர்வு, கோப்பை மாறாத ஃபிரேம் வீதத்துக்கு மாற்றுவது. வீடியோ மாற்றும் நிரலான எஃப்எஃப்எம்பெக் அதை நேரமுத்திரைகளின்படி செய்துவிடும்: இடைவெளி விழுந்த இடத்தில் முந்தைய ஃபிரேமை மறுபடி வைக்கும். இங்கே நான் ஒரு தவறு செய்யப் பார்த்தேன். டைம்லைன் 25 ஆயிற்றே, நேராக 25க்கே மாற்றிவிடலாம் என்று கட்டளையையும் எழுதிவிட்டேன். நல்ல வேளை, எக்ஸ்.எம்.எல். கோப்பை ஒருமுறை எழுத்துத் திருத்தியில் திறந்து பார்த்தேன். அந்தக் கிளிப்பின் வெட்டுப்புள்ளிகள் எல்லாம் 30இன் கணக்கில் எழுதப்பட்டிருந்தன. 25க்கு மாற்றியிருந்தால் அந்த நேர்காணலின் 61 வெட்டுகளும் தவறான வாக்கியத்தில் விழுந்திருக்கும். 30க்கே மாற்றினேன், வெட்டுகள் தம் இடத்தில் உட்கார்ந்தன.

ஒன்றைச் சரி செய்யப்போய் இன்னொன்றை வரவழைத்துக்கொண்டோம். மாற்றிய கோப்புகளில் நிழல்கள் மைபோல அடைத்தன. சன்னல் வெளிச்சம் வெள்ளைத் தாளாக வெளுத்தது. கைப்பேசி வெளிச்ச அளவை 0 (கறுப்பு) முதல் 255 (வெள்ளை) வரையான முழு வீச்சில் பதிந்திருந்தது. வழக்கமான வீடியோ 16 முதல் 235 வரை. மாற்றியபோது எண்கள் முழு வீச்சிலேயே இருக்க, கோப்பின் முகப்பில் மட்டும் 'குறுகிய வீச்சு' என்று பதிந்துவிட்டது. 16க்குக் கீழும் 235க்கு மேலும் இருந்த விவரமெல்லாம் வெட்டுப்பட்டது. அமைப்பில் ஒரு தேர்வை மாற்றி மறுபடி ரெண்டர், அதாவது கோப்பை முதலிலிருந்து கணக்கிட்டு எழுதுதல். ஒரு மாலை போயிற்று.

எழுத்துகள்

ஒரே உண்மையான குற்றம் என்று சொன்னது இங்கேதான் வருகிறது. ஆனால் அதற்கு முன் எங்கள் பக்கத்துக் கதை.

பழைய புராஜெக்ட்டில் தலைப்புகள் பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டிருந்தன. தமிழ்ப் படத்தொகுப்பு அறைகளில் இது வெகுநாள் பழக்கம். பாமினி யூனிகோட் அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்த எழுத்துரு. கொம்பை முதலில் அடித்து, பிறகு ககரம், பிறகு கால் என்று கண்ணால் காணும் வரிசையிலேயே அடிப்பதால் எந்த மென்பொருளிலும் எழுத்து உடையாது. விலை என்னவென்றால், எழுத்துரு இல்லாத கணினியில் அது தமிழே அல்ல. 'தமிழ்' என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்துகளும் கடைசியில் ஓர் அரைப்புள்ளியுமாக நின்றது. அந்த அரைப்புள்ளிதான் ழகரத்தின் புள்ளி.

சரி, எல்லாவற்றையும் யூனிகோடில் திரும்ப அடிப்போம் என்று உட்கார்ந்தால், புதிய மென்பொருளின் தலைப்புக் கருவி கொம்பை எழுத்துக்குப் பின்னால் போட்டது. யூனிகோட் ஒலிக்கும் வரிசையில் சேமிக்கிறது: முதலில் ககரம், பிறகு உயிர்க்குறி. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவருவது எழுத்தை வடிவமைக்கும் இயந்திரத்தின் பொறுப்பு. ஹார்ஃப்பஸ் போன்ற திறந்த மூல நிரல்கள் இதைச் செய்கின்றன. உலாவிகளில் தமிழ் உடையாமல் வருவது இத்தகைய இயந்திரங்களால்தான். அந்தத் தலைப்புக் கருவியில் அப்படி ஒன்று இல்லை. அதே மென்பொருளின் இன்னொரு மூலையில் உள்ள வசன வரிக் கருவியில் தமிழ் சரியாக வந்தது. ஒரே கூரையின் கீழ் இரண்டு இயந்திரங்கள். தலைப்புகளைப் பின்னணியற்ற படங்களாக வெளியே தயாரித்து உள்ளே வைத்தோம். எழுத்துப்பிழை கண்டால் மறுபடி படமாக்க வேண்டும். இரண்டு முறை அப்படிச் செய்யவும் நேர்ந்தது.

ரெண்டர் நின்ற இடம்

கடைசியில் முழுப் படத்தையும் ரெண்டர் செய்தால் பாதியில் நின்றது. எப்போதும் ஏறத்தாழ ஒரே இடம். இந்த மாதிரிச் சிக்கலில் யோசிப்பதைவிட வெட்டிப் பார்ப்பது வேகமானது. முன்பாதியை மட்டும், பிறகு பின்பாதியை மட்டும். நிற்கிற பாதியை மறுபடி இரண்டாக. எட்டாவது முறையில் 18 ஃபிரேம் நீளமுள்ள ஒரு டிசால்வில் வந்து நின்றோம். இரண்டு பழைய புகைப்படங்கள், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு. தனித்தனியே இரண்டும் ரெண்டர் ஆயின. சேரும்போதுதான் சாய்ந்தது.

ஸ்கேன் செய்த படங்கள் ஒவ்வொன்றும் 14,000க்கு 10,000 பிக்சல். புதிய மென்பொருள் ஒவ்வொரு பிக்சலையும் நான்கு தடங்களாக (மூன்று நிறம், ஓர் ஒளிபுகு அளவு), தடத்துக்கு 4 பைட் வீதம் கணக்கிடுகிறது: 14 கோடி பிக்சலுக்கு 2.24 ஜி.பி. எங்கள் கிராஃபிக்ஸ் அட்டையின் நினைவகம் 4 ஜி.பி. ஒரு படம் அடங்கும். டிசால்வில் இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டும், 4.48. படங்களை 5,000 பிக்சல் அகலத்துக்குக் குறைத்தோம். 1,920 பிக்சல் அகலமுள்ள படத்தில் நாங்கள் செய்த ஜூமுக்கு அதுவே தாராளம்.

ஒப்பிட்டுப் பார்த்தல்

எல்லாம் வந்து சேர்ந்ததா என்பதைக் கண்ணால் பார்த்து நம்பக்கூடாது. புராஜெக்ட் நின்றுபோவதற்கு இரண்டு வாரத்துக்கு முன் பார்வைக்காக அனுப்பிய பிரதி ஒன்று கையில் இருந்தது. அதை டைம்லைனின் மேல் அடுக்கில் வைத்து, கலப்பு முறையை 'டிஃபரன்ஸ்' என்று மாற்றினோம். மேலும் கீழும் ஒன்றானால் திரை கறுப்பு. வேறுபடும் இடம் மட்டும் ஒளிரும். மூன்று பேரும் விளக்கை அணைத்துவிட்டு 52 நிமிடம் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நிறத்திருத்தம் வராத காட்சிகள் மங்கலாகத் தெரிந்தன; அது எதிர்பார்த்தது. ஒரு முகத்தைச் சுற்றி நூல்போல் ஒளிக்கோடு வந்தால் படம் ஒரு பிக்சல் நகர்ந்திருக்கிறது. கை உளியைத் தட்டும்போது இரண்டு கைகள் தெரிந்தால் வெட்டு ஒரு ஃபிரேம் பிசகியிருக்கிறது. வேகம் மாறிக்கொண்டே போகும் ஐந்து ஷாட்களை எக்ஸ்.எம்.எல். ஒரே சராசரி வேகமாகத் தட்டையாக்கிவிட்டதும் இப்படித்தான் தெரியவந்தது. அவற்றைக் கையால் மறுபடி அமைத்தேன்.

38ஆவது நிமிடத்தில் ஓர் இடம் மட்டும் பிடிவாதமாக ஒளிர்ந்தது. கதவு மூடும் ஷாட் ஒன்று, பார்வைப் பிரதியில் இருப்பதைவிட 11 ஃபிரேம் குறைவு. எக்ஸ்.எம்.எல். கோப்பைத் திறந்து வரிவரியாகத் தேடினேன். எண்கள் சரியாகவே இருந்தன. மூலக் கோப்பு சரி, வீதம் சரி. மென்பொருளைத் திட்டத் தொடங்கியிருந்தேன். பின்னால் அமர்ந்திருந்த இயக்குநர், "நான் அதைச் சொல்ல மறந்துவிட்டேன். புராஜெக்ட் நின்றுபோவதற்கு முந்தைய மாலை, நீங்கள் கிளம்பிய பிறகு அந்த ஷாட்டை நான்தான் குறைத்தேன்" என்றார்.